தொட்டது யார் விரல்? தானாக அடித்துக்கொள்ளும் போனுக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

"போன்ல பேய் புகுந்துட்டு அண்ணாச்சி." பாதிப் பேர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் கடைக்குள் வருகிறார்கள். பாளை மார்க்கெட் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தொடாமலே ஆப் திறக்கிறது, தானாக யாருக்கோ கால் போகிறது, எழுத்துகள் தானாக விழுகின்றன என்று வருகிற போன்களில் ஒன்றுக்கு மேலே ஒட்டிய டெம்பர் கிளாஸை உரித்தால் போதும். அடுத்த போனில் ஏதோ ஒரு ஆப் உட்கார்ந்துகொண்டு, சொந்தக்காரர் தூங்கும் நேரத்தில் பேங்க் ஆப்பைத் திறந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் டிஸ்ப்ளே மாற்றுவது, ரீசெட் அடிப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: தொட்டது யார் விரல்? கண்ணாடியின் கோளாறா, ஆப்பின் வேலையா?

உங்கள் அறிகுறியை மட்டும் தேடிப் படியுங்கள். எழுதியிருப்பது ஆண்ட்ராய்டு போன்களுக்கு. ஐபோனில் ஒரு ஆப் இன்னொரு ஆப்பைத் தொட ஆப்பிள் விடுவதில்லை, அதனால் அங்கே தானாக அடித்தால் அநேகமாகத் திரைதான் காரணம்.

## கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஓடிபி யாரிடமும் சொல்லவில்லை

இதுதான் உங்கள் நிலை என்றால் மற்றதையெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம். இங்கே வரிசைதான் முக்கியம்.

முதலில் சிம்மைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். ஏர்பிளேன் மோடு மட்டும் போதாது, சில போன்களில் வைஃபை அப்போதும் ஓடும். அடுத்து வீட்டில் இருக்கும் வேறு ஒரு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போன கணக்கு, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்பார்கள், கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். திருடியவன் அந்தப் பணத்தை அடுத்த கணக்குக்குத் தள்ளுவதற்குள் நிறுத்தப் பார்ப்பதற்கான எண் அது, ஆகவே நாளைக் காலை அழைக்கலாம் என்று வைக்காதீர்கள். அதன் பிறகு வங்கி. ஏடிஎம் அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கிற எண்ணுக்கு மட்டும் அழையுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கிற "கஸ்டமர் கேர்" எண்ணில் இன்னொரு திருடன் காத்திருக்கலாம்.

வங்கிக்குச் சொன்ன நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கை அப்படி. தவறு உங்கள் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை என்றால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை. உங்கள் கவனக்குறைவு என்று ஆனால்கூட, தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியைச் சேரும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நான்காவதாக, போனை ரீசெட் செய்யாதீர்கள். களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி வந்தார். பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை (ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் நிறுவும் ஃபைல்) நிறுவியிருக்கிறார். வருடத்துக்கு 6000 ரூபாய் வருகிற திட்டம், தவணை வருகிற நேரம் வேறு, நம்பிவிட்டார். பணம் போனதும் அவருடைய மைத்துனர் மகன் நல்லெண்ணத்தில் போனைச் சுத்தமாக ரீசெட் அடித்துவிட்டான். அந்த ஏபிகே எந்த எண்ணிலிருந்து வந்தது, பெயர் என்ன, எப்போது நிறுவியது, எதுவும் மிஞ்சவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, ஆப்பின் பெயர், வங்கி குறுஞ்செய்தி ஆகிய மூன்றையும் இன்னொரு போனால் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஓடிபி சொல்லாமலே பணம் போவது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிறுவும்போது எஸ்எம்எஸ் அனுமதி கேட்டிருக்கும், நீங்கள் "அலவ்" அழுத்தியிருப்பீர்கள். அதன் பின் உங்களுக்கு வரும் ஓடிபியை அதுவே படித்து அனுப்பிவிடும். ஆர்டிஓ சலான், கல்யாணப் பத்திரிகை, மின்கட்டணம் என்று பெயர்தான் மாறுகிறது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். ஏபிகேயாக வருகிற பத்திரிகைக்கு எந்தக் கல்யாணமும் கிடையாது.

இந்த அறிகுறிக்கு முதல் நிபுணர் நான் இல்லை, போலீஸ்தான். திருநெல்வேலியில் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அங்கே சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொண்டுவாருங்கள்.

## தொடாமலே திரை அடித்துக்கொள்கிறது

இங்கேதான் ஜனங்கள் வீணாகக் காசை விடுகிறார்கள். படிப்படியாகப் போங்கள்.

துணியால் துடையுங்கள். சிரிக்க வேண்டாம். அல்வா தின்ற விரலின் நெய், குற்றாலச் சாரலில் பட்ட ஈரம், உவரிப் பக்கத்து உப்புக்காற்று என்று எல்லாம் திரைமேல் படிந்து விரல்போலவே நடிக்கும். டெம்பர் கிளாஸின் ஓரம் தூக்கிக்கொண்டு உள்ளே தூசியோ ஈரமோ போயிருந்தால் உரித்து எறிந்துவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள்.

அப்புறம் சார்ஜர். சார்ஜில் போட்டால் மட்டும் அடிக்கிறது, பிடுங்கினால் நின்றுவிடுகிறது என்றால் குற்றவாளி சார்ஜர் அல்லது வயர்தான். பஸ் ஸ்டாண்டு வாசலில் வாங்கிய மலிவு சார்ஜரில் இது சர்வசாதாரணம். வேறு நல்ல சார்ஜரை வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டும் இல்லையா? இப்போதுதான் விரல் யாருடையது என்று கண்டுபிடிக்கும் சோதனை. செட்டிங்ஸில் "அபவுட் போன்" உள்ளே போய் "பில்டு நம்பர்" என்பதை 7 தடவை தட்டுங்கள். சில கம்பெனி போன்களில் அதற்குப் பதில் அந்தக் கம்பெனியின் வெர்ஷன் வரியைத் தட்ட வேண்டும். "டெவலப்பர் ஆப்ஷன்ஸ்" திறந்துகொள்ளும். அதற்குள் "ஷோ டேப்ஸ்" என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். இனிமேல் கண்ணாடியில் விரல் படும் இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

யாரும் தொடாதபோது புள்ளி தோன்றினால் திரை பொய் சொல்கிறது: கண்ணாடிக் கோளாறு. புள்ளியே இல்லாமல் பட்டன்கள் அமுங்கினால், பக்கங்கள் தானாக மாறினால், ஏதோ ஒரு ஆப் உள்ளிருந்து அழுத்துகிறது. இந்தப் புள்ளி உண்மையான கண்ணாடித் தொடுதலுக்கு மட்டுமே வரும், மென்பொருள் அழுத்துவதற்கு வராது. எத்தனையோ டிஸ்ப்ளேக்களை மாற்றிவிட்டுப் பிறகு கற்றுக்கொண்ட சோதனை இது. வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை ஆஃப் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில பேங்க் ஆப்கள் திறக்க மறுக்கும்.

உறுதிப்படுத்த இன்னொரு வழி சேஃப் மோடு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, "பவர் ஆஃப்" என்று வரும் குறியையும் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு கேட்கும். சில மாடல்களில் ஆன் ஆகிக்கொண்டிருக்கும்போது வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்திருக்க வேண்டும். இந்த நிலையில் நீங்கள் பிற்பாடு நிறுவிய எந்த ஆப்பும் ஓடாது. அங்கேயும் திரை அடித்துக்கொண்டால் ஆப்பின்மேல் பழி இல்லை.

கண்ணாடிதான் என்று முடிவானால், பின்மூடி லேசாக உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி வீங்கித் திரையை உள்ளிருந்து தள்ளினாலும் இதே மாதிரி அடிக்கும். உப்பல் தெரிந்தால் சார்ஜ் போடாமல் நேராகக் கடைக்கு வாருங்கள், நீங்களே திறக்கப் பார்க்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்காக எனக்கு இந்த வேலைதான். காயவைத்து, ஆன் ஆகி, நன்றாக ஓடிய போன்கள்கூட மூன்று மாதம் கழித்துக் கனெக்டரில் பச்சை பூத்து அடிக்கத் தொடங்கின. அதற்குக் கனெக்டரைச் சுத்தம் செய்வதே போதும், காம்போ (டிஸ்ப்ளேயும் டச் கண்ணாடியும் சேர்ந்த பாகம்) மாற்றத் தேவையில்லை. கடைக்காரர் எடுத்த எடுப்பில் "காம்போ போச்சு" என்றால், முதலில் கழற்றித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மலிவு காம்போ மாற்றிய போன் என்றால் மட்டும் அவர் சொல்வது அநேகமாகச் சரி.

## ஆப்பை நீக்கப் போனால் செட்டிங்ஸ் தானாக மூடிக்கொள்கிறது

"அன்இன்ஸ்டால்" அழுத்தப் போகிறீர்கள், பக்கம் சட்டென்று பின்னால் போய்விடுகிறது. அல்லது அந்தப் பட்டன் மங்கலாக இருக்கிறது. மங்கலாக இருப்பதும் மூடிக்கொள்வதும் ஒரே வியாதி இல்லை.

மங்கலாக இருந்தால், போனைத் தவணையில் வாங்கினீர்களா என்று யோசியுங்கள். கடன் கொடுத்த நிறுவனம் ஒரு பூட்டு ஆப்பைப் போட்டுத்தான் கொடுத்திருக்கும். தவணை முடிந்தால் அவர்களே எடுப்பார்கள், அதைப் பிய்த்தெடுக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள். அலுவலகத்தில் கொடுத்த போனுக்கும் இதே கதை. இரண்டும் இல்லையென்றால் செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் "டிவைஸ் அட்மின்" என்று தேடி, அந்த ஆப்புக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால் பட்டன் உயிர் பெறும்.

தானாக மூடிக்கொண்டால், அந்த ஆப்பிடம் நீங்கள் உங்கள் விரலையே கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கொடுத்த இடம் ஆக்சஸிபிலிட்டி, தமிழில் வைத்த போனில் "மாற்றுத்திறன் வசதி" அல்லது "அணுகல்தன்மை". இந்த அனுமதியைப் பெற்ற ஆப் திரையில் இருப்பதைப் படிக்கும், பட்டனை அழுத்தும், நீங்கள் அதை நீக்கப் போகும்போது உங்களுக்கு முன்னால் "பேக்" அழுத்தும். சண்டை போட்டு வேகத்தில் ஜெயிக்க முடியாது. வேறு வழியில் போக வேண்டும்.

சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்து, மேலே சொன்ன சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே அந்த ஆப் தூங்குகிறது. ஆக்சஸிபிலிட்டி பக்கத்தில் "டவுன்லோட் செய்த ஆப்கள்" என்று ஒரு பகுதி இருக்கும். பல போன்களில் அது காலியாக இருக்கும், அல்லது நீங்களே அறிந்து போட்ட ஒன்றிரண்டு இருக்கும். "சிஸ்டம் அப்டேட்", "வீடியோ பிளேயர்", கூகுள் சின்னத்தைத் திருடி ஒட்டிய ஏதோ ஒன்று அங்கே இருந்தால் அதுதான் ஆள். போனோடு வந்த அசல் வசதிகள் சிலவும் சில போன்களில் இந்தப் பகுதியில் வரலாம், அவை ஆள் இல்லை. ஆஃப் செய்யுங்கள். சேஃப் மோடில் அது அங்கே தெரியாவிட்டால் இந்தப் படியைத் தாண்டுங்கள். அடுத்து டிவைஸ் அட்மின் பக்கத்திலும் ஆஃப். அதற்குப் பிறகுதான் ஆப் பட்டியலுக்குப் போய் நீக்க வேண்டும். வரிசையை மாற்றினால் நீங்காமல் போகலாம்.

சாதாரணமாக ஆன் செய்து, சிம் போடுவதற்கு முன்னால் இன்னும் நான்கு இடத்தை எட்டிப் பாருங்கள்: மற்ற ஆப்களுக்கு மேல் தோன்றும் அனுமதி, நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதி, எஸ்எம்எஸ்ஸுக்கு எந்த ஆப் என்ற தேர்வு, தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதி. கடைசியில் சொன்னது வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் ஆன் ஆகியிருந்தால் வந்த வழி அதுதான், அடைத்துவிடுங்கள். பிறகு வைஃபையைப் போட்டு, ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி ப்ளே புரொடெக்ட் ஸ்கேன் ஓட்டுங்கள். வங்கி, யுபிஐ, ஜிமெயில் கடவுச்சொற்களை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" பார்த்து, தெரியாத கருவி இருந்தால் வெளியே அனுப்புங்கள். உங்கள் பெயரில் அதே ஏபிகே உறவினர் குழுக்களுக்குப் போயிருக்கும், அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு 13 முதல், அதாவது 2022-க்குப் பிறகு, இப்படி வெளியிலிருந்து ஏபிகேயாகப் போட்ட ஆப்புக்கு ஆக்சஸிபிலிட்டி கொடுக்கப் போனால் போனே தடுக்கும். ஆப் தகவல் பக்கத்தில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி அனுமதித்தால்தான் வழி திறக்கும். போனில் பேசிக்கொண்டே "மூணு புள்ளியத் தட்டுங்க சார், அலவ் குடுங்க" என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தாரா? அப்படியென்றால் மேலே உள்ள பணம் போன அறிகுறிக்குப் போங்கள், பணம் இன்னும் போகாவிட்டாலும்.

சேஃப் மோடிலும் போகவில்லை, அல்லது ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வருகிறது என்றால் ரீசெட். அதற்கு முன் கூகுள் கணக்கின் கடவுச்சொல் ஞாபகம் இருக்கிறதா என்று வேறு போனில் நுழைந்து பாருங்கள். பட்டன்களைப் பிடித்து ரீசெட் அடித்தால் போன் அதைத்தான் கேட்கும், தெரியாவிட்டால் செங்கல்தான். போட்டோ, காண்டாக்ட் மட்டும் எடுத்து வையுங்கள். போனிலிருந்து போனுக்கு க்ளோன் செய்யும் ஆப் வேண்டாம், அது ஏபிகேயையும் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும். ரீசெட்டுக்குப் பிறகும் திரும்பினால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேரையே புதிதாக ஏற்ற வேண்டும். இந்த எல்லைக்கு வருகிற போன்கள் ரொம்பக் குறைவு, வந்தவற்றில் பல யாரோ ரூட் செய்து (உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பூட்டை உடைத்து) விற்ற பழைய போன்கள்.

## தொட்டால் பேசுகிறது, ஆனால் திறக்கவில்லை

இது வைரஸ் இல்லை. இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து 3 வினாடி அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிடும். பையில் போன் நசுங்கும்போது இதே பட்டன்கள் அமுங்கி, பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துக்காட்டும் டாக்பேக் ஆன் ஆகியிருக்கும். ஆன் ஆக இருக்கும்போது ஒரு தடவை தொட்டால் வாசிக்கும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே படித்த ஒரு தம்பி சார்ஜிங் பின் மாற்றப் போனைக் கொடுத்துவிட்டுப் போனார். என் கடைப் பையன் "ஆக்சஸிபிலிட்டியில ஏதோ ஓடுது அண்ணாச்சி, ஆபத்து" என்று டாக்பேக்கை ஆஃப் செய்து வைத்துவிட்டான். சாயங்காலம் வந்தவருக்குத் தன் போனையே திறக்க முடியவில்லை. அந்த வசதி அவரைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது, திருடர்கள்தான் நடுவில் நுழைந்தார்கள். அதனால் பட்டியலில் எதையாவது ஆஃப் செய்வதற்கு முன் போன் யாருடையது என்று கேளுங்கள். டாக்பேக் போன்றவை போனோடு வந்த வசதிகள், சந்தேகப்பட வேண்டியது டவுன்லோட் பகுதியில் இருக்கும் தெரியாத ஆப்பை.

## சும்மா இருக்கும்போது முழுத்திரை விளம்பரம் குதிக்கிறது

நோட்டிஃபிகேஷனாக வருகிறதா, திரையை மூடிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். நோட்டிஃபிகேஷனாக வந்தால் அதை அழுத்திப் பிடியுங்கள், எங்கிருந்து வருகிறது என்று காட்டும். பாதிக்கு மேல் குரோம்தான். ஏதோ ஒரு படம் பார்க்கும் தளத்தில் "அலவ்" அழுத்தியிருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியில் அந்தத் தளத்தைத் தடுத்தால் முடிந்தது கதை.

திரையை மூடிக்கொண்டு வந்தால், விளம்பரம் இருக்கும்போதே ரீசன்ட்ஸ் பட்டனை (திறந்திருக்கும் ஆப்களைக் காட்டுவது) அழுத்துங்கள். விளம்பரத்தைக் காட்டும் ஆப்பின் சின்னமும் பெயரும் அங்கே தெரியும். பெயரே இல்லாமல் வெற்றுச் சின்னமாக இருந்தால் அதுதான். ஐகானை மறைத்துக்கொள்ளும் ஆப்களை முகப்பில் தேடிப் பயனில்லை, செட்டிங்ஸின் ஆப் பட்டியலில் தேடுங்கள். டார்ச், ஜாதகம், கூடுதல் கேமரா ஃபில்டர், பேட்டரி கூலர் வகையறாக்களில் தொடங்குங்கள். எங்கள் ஊர் வெயிலில் பேட்டரி கூலர் ஆப் போடாத போன் அபூர்வம். ஒரு ஆப்பால் போனைக் குளிர வைக்க முடியாது, விளம்பரம் காட்டிச் சூடாக்கத்தான் முடியும்.

நீக்கியும் வந்தால், "மற்ற ஆப்களுக்கு மேல் தோன்றும்" அனுமதிப் பட்டியலைத் திறந்து, காலர் பெயர் காட்டும் ஆப் போன்ற தெரிந்த ஒன்றிரண்டைத் தவிர மற்றதை ஆஃப் செய்யுங்கள். இதற்கு நிபுணர் தேவையில்லை. விலை குறைந்த போன்களில் கம்பெனியே வைத்த விளம்பரம் என்றால், தீம், கேலரி, ஃபைல் மேனேஜர் ஆகியவற்றின் செட்டிங்ஸில் "ரெக்கமண்டேஷன்ஸ்" என்று ஒளிந்திருப்பதை ஆஃப் செய்ய வேண்டும்.

## ரீசார்ஜ் தொகை தானாகக் குறைகிறது

விளம்பரத்தைத் தொட்டு ஏதோ கட்டணச் சேவை சேர்ந்திருக்கும். மதிப்புக்கூட்டுச் சேவையை நிறுத்த 155223 என்ற இலவச எண் இருக்கிறது. நிறுத்திய பின்னும் திரும்பச் சேர்ந்தால், உங்களுக்குப் பதிலாக ஒரு ஆப் அழுத்துகிறது: ஆக்சஸிபிலிட்டி அறிகுறிக்குத் திரும்புங்கள்.

## கடன் ஆப் போட்டேன், என் உறவினர்களுக்கு மிரட்டல் போகிறது

முக்கூடலில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் வந்தார். 3000 ரூபாய் கடன், அதற்காக மைனிக்கும் பிள்ளை படிக்கும் பள்ளி டீச்சருக்கும் ஆபாசமாக மாற்றிய படத்தோடு செய்தி போயிருக்கிறது. "சவத்தத் தூக்கி எறியணும் போல இருக்கு" என்று போனை மேசையில் வைத்தார். போனை எறிந்து என்ன பயன், காண்டாக்ட் பட்டியலும் கேலரியும் ஏற்கெனவே அவர்கள் கையில்.

ஆப்பின் அனுமதிகளைத் திறந்து பாருங்கள். காண்டாக்ட், கால் பட்டியல், கேலரி இவற்றைத் தொட உரிமை இருக்கிறதா? டிஜிட்டல் கடன் பற்றிய ரிசர்வ் வங்கி விதி 2022 செப்டம்பரிலிருந்தே இதைத் தடுக்கிறது. கூகுளும் 2023 மே 31 முதல் ப்ளே ஸ்டோர் கடன் ஆப்களுக்குக் காண்டாக்ட், போட்டோ அனுமதியை மறுத்துவிட்டது. அப்படியும் கேட்கிற ஆப் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அனுமதிகளை ரத்து செய்து, ஆப் பக்கத்தையும் மிரட்டல்களையும் படம் எடுத்து, பிறகு நீக்குங்கள்.

எடுத்துப்போன தகவலைத் திரும்ப வாங்க எந்தச் சர்வீஸ் கடையாலும் முடியாது. உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது அவர்களின் ஆயுதத்தைப் பாதி மழுங்கச் செய்யும். மிரட்டல் வந்த அன்றைக்கே 1930 அல்லது சைபர் கிரைம் நிலையம். "இன்னும் ஒரு தவணை கட்டினா நிறுத்துறோம்" என்பார்கள். அந்த அக்கா மூன்று தடவை கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

## நீங்களே ஆப் நடத்துகிறீர்கள், டோக்கன் மூன்று நொடியில் தீர்ந்துவிடுகிறது

இது போன் ரிப்பேர் இல்லை, ஆனாலும் என்னிடம் வந்தது. ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு இன்ஜினியரிங் படித்த பையன்கள் டோக்கன் ஆப் செய்து கொடுத்திருந்தார்கள். காலை 6 மணிக்குத் திறக்கும், 40 டோக்கன். 6 மணி 3 நொடிக்கு எல்லாம் காலி. வீரவநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற பாட்டிக்குக் கிடைக்காது, வாசலில் நிற்கிற ஒருவரிடம் 200 ரூபாய்க்குக் கிடைக்கும். "போன் வேகம் போதல அண்ணாச்சி" என்று நோயாளிகள் என்னிடம் ரேம் கூட்டக் கேட்டு வந்தார்கள்! அப்படித்தான் எனக்கே தெரிந்தது.

முதல் காரணம் எப்போதும் எளிமையானது: ஒரே எண்ணுக்கு எத்தனை டோக்கன் போகிறது என்று சர்வரில் எண்ணிப் பாருங்கள். ஒரு எண்ணுக்கு ஒன்று என்று வைத்தாலே கூட்டத்தில் பாதி கலையும். அடுத்தது ஆட்டோ கிளிக்கர். விளையாட்டுக்கென்று ப்ளே ஸ்டோரிலேயே கிடைக்கிற, ஆக்சஸிபிலிட்டி வழியாக ஒரே இடத்தை நொடிக்குப் பலமுறை தட்டுகிற ஆப். அடையாளம் நேர இடைவெளியில் இருக்கும். மனிதன் தட்டினால் இடைவெளி கூடிக் குறையும், இயந்திரம் தட்டினால் மில்லிசெகண்ட் கணக்கில் ஒரே அளவாக இருக்கும். மூன்றாவது, ஆப்பே திறக்காமல் சர்வரின் வாசலை நேராகத் தட்டும் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்). டோக்கன் விழுந்திருக்கும், ஆனால் அதற்கு முன்னால் அந்தப் போனில் டோக்கன் பக்கம் திறந்ததற்கான பதிவே இருக்காது.

பையன்கள் செய்ய நினைத்தது, ஆக்சஸிபிலிட்டி ஓடும் எல்லாப் போனையும் தடுப்பது. வேண்டாம் என்றேன், பார்வையற்ற தம்பியின் கதையைச் சொன்னேன். டாக்பேக் வைத்திருப்பவர் டாக்டரிடம் போகக் கூடாதா? கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி (ஆப் ஓடும் போன் நம்பத்தக்கதா என்று ஆப் நடத்துபவருக்குச் சொல்லும் சேவை), திரையைப் பிடிக்கிற அல்லது போனைக் கட்டுப்படுத்துகிற ஆப் ஓடுகிறதா என்று சொல்லும்போது, சரிபார்க்கப்பட்ட ஆக்சஸிபிலிட்டி சேவைகளை விட்டுவிடுகிறது. ஆண்ட்ராய்டு 14-இல் ஒரு திரைப்பகுதியை, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று அறிவித்துக்கொண்ட சேவைகளுக்கு மட்டும் காட்டவும் வழி இருக்கிறது. பணம் கட்டும் பக்கம் இருந்தால், வேறு ஆப் மேலே மூடியிருக்கும்போது விழும் தொடுதலை ஏற்காமல் தள்ளிவிடும் அமைப்பையும், ஆண்ட்ராய்டு 12 முதல் மேலே தோன்றும் ஜன்னல்களை மறைக்கும் வசதியையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இதெல்லாம் அவர்களுக்கு ஒரு வார வேலை.

ஆனால் கடைசியில் நோயைத் தீர்த்தது இதில் எதுவும் இல்லை. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு என்ற விதியையே எடுத்துவிட்டார்கள். 5:30-லிருந்து 6 மணி வரை யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், 6 மணிக்குச் சர்வர் குலுக்கிப் போடும். 10 டோக்கன் நேரில் வருபவர்களுக்கு. நொடிக்கு ஐம்பது தடவை தட்டுகிற விரலுக்கு அங்கே வேலை இல்லை.

குலுக்கலுக்குப் பிறகும் ஒரே ஆளிடம் டோக்கன் சேர்ந்தால், அவர் கையில் நிறைய சிம் இருக்கிறது என்று அர்த்தம், வாசலில் அடையாள அட்டை பார்த்தால் போதும். ஸ்கிரிப்ட் அறிகுறி நிற்காமல், நோயாளிகளின் பெயர், எண் பட்டியலையும் யாரோ எடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், அதற்குமேல் பையன்களும் வேண்டாம், நானும் வேண்டாம். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலிட்டிருக்கிற பாதுகாப்புத் தணிக்கை நிறுவனம் ஒன்றைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை சர்வர் லாகை (யார் எப்போது தட்டினார்கள் என்ற பதிவு) யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.